வலப்பக்கம்

நான் வாயைத் திறக்காவிட்டால் என்ன நடக்கும்?

தாட்சாயினிக்கு அந்த நினைப்பு வந்த நேரம் மானும் வந்தது. பைன் மரங்களுக்குள்ளிருந்து இறங்கி, தெருவின் வலது ஓரத்தில் ஒரு காலைத் தாரின் மேல் வைத்துக்கொண்டு நின்றது. அவள் கண்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவளுடைய கணவன் காணவில்லை. வண்டியின் வேகம் குறையவே இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடிய நேரம் அவள் பேசாமல் இருந்தாள். சும்மா, அறிவதற்காக. பிறகு "வலப்பக்கம் மான்!" என்று கத்தினாள்.

இரவிச்சந்திரன் பிரேக்கை அழுத்திய அழுத்தில் பின்னால் அலுமாரி திறந்து, சம்பல் போத்தல் உருண்டு கட்டிலின் கீழே போனது. வாடகைக்கு எடுத்த ஆர்வி வண்டி, ஒரு சின்ன வீட்டையே தெருவில் இழுத்துக்கொண்டு போவதைப் போல, ஆடி ஆடி நின்றது. மான் அவர்களைப் பார்த்துவிட்டு ஆறுதலாக மறுபக்கம் கடந்தது.

"கண்டனான்," என்றான் அவன். "நீ கத்த முந்தியே கண்டிட்டன்."

"அம்மா பெரிய ஜீபீஎஸ்," என்றாள் மூத்தவள் சாருஜா, போனிலிருந்து தலை எடுக்காமல். "வலப்பக்கம் சைக்கிள், வலப்பக்கம் லொறி. இனி வலப்பக்கம் மேகம் எண்டும் சொல்லுவா."

"வலப்பக்கம் அக்கா! வலப்பக்கம் பேய்!" என்று ஏழு வயது மிதுஷா கைதட்டினாள்.

"அவ என்ர கொண்டக்டர் எல்லோ," என்று சொல்லி இரவிச்சந்திரன் சிரித்தான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜூன் கடைசியில், பள்ளிக்கூடங்கள் மூடிய கிழமை, அவனுக்கு ஒரு தலையிடி வந்தது. மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் பதினாறு வருடமாக மஞ்சள் பள்ளி பஸ் ஓட்டுகிறவன். ஒரு கீறல் விழுந்ததில்லை. இரண்டு குளிசையைப் போட்டுக்கொண்டு படுத்தான். அடுத்த நாள் சாப்பிடும்போது, தட்டின் இடது பாதியிலிருந்த சோற்றை முடித்துவிட்டு, "கறி போடேல்லையோ?" என்று கேட்டான். கோழிக்கறி வலது பாதியில் ஆவி பறக்கக் கிடந்தது.

தாட்சாயினி கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுக்கிற வேலை செய்கிறவள். பாரிசவாதம் வந்தவர்களில் சிலருடைய தட்டு இப்படித்தான் பாதியோடு திரும்பி வரும். தட்டைத் திருப்பி வைத்தால் மிச்சத்தையும் தின்பார்கள். அவள் கணவனின் தட்டையும் ஒரு சொல் இல்லாமல் திருப்பி வைத்தாள். அவன் ஒரு சொல் இல்லாமல் தின்றான். வார்டில் யாருக்காவது அப்படி என்றால் தாதியைக் கூப்பிட ஓடியிருப்பாள். வீட்டில் தட்டைக் கழுவி வைத்தாள்.

பிறகு அவளுடைய வற்புறுத்தலில் கண்ணாடி மாற்றப் போனார்கள். கண்ணைப் பரிசோதித்த பெண் இரண்டு தரம் பார்த்துவிட்டு, வலப்பக்கம் இரண்டு கண்ணிலும் தெரியவில்லை, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காரைத் தொடாதீர்கள் என்று பிரெஞ்சில் சொன்னாள். வெளியே வந்ததும் அவன், "கண்ணாடி விக்கிறவளுக்கு என்ன தெரியும்?" என்றான். மெட்ரோ வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினான். "லைசென்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள், தாட்சா. ஓகஸ்ட் கடைசியில பஸ் துடங்குது. அதுக்குள்ள சரி வந்திடும். ஆருக்கும் மூச்சு விடாதை."

அவள் மூச்சு விடவில்லை. அவனை ஆஸ்பத்திரிக்கு இழுக்கவும் இல்லை. கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சைக்கிள்காரனுக்காகக் கத்தினாள். அதன் பிறகு அவள் ஏறி பெல்ட் போடும்வரை அவன் காரை எடுப்பதில்லை. கேட்கவும் இல்லை, இவள் மறுக்கவும் இல்லை. அது தன்பாட்டில் வழக்கமாகிவிட்டது. கல்யாணம் கட்டிய பதினெட்டு வருடத்தில் அவன் அவளை இவ்வளவு தேடியதில்லை. முந்தியெல்லாம் அவள் வாயைத் திறந்தால் றேடியோச் சத்தத்தைக் கூட்டுகிறவன், இப்போது அவளுடைய ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்தான். அதில் ஒரு ருசி இருந்தது. நோயைவிட அந்த ருசியை நினைத்துத்தான் அவளுக்கு இரவில் பயம் வந்தது.

இந்தப் பயணம் இரண்டு வருடக் கனவு. விமானத்தில் அமெரிக்காவின் யூட்டாவுக்கு வந்து, நாலு நாள் போன் எடுபடாத காட்டில் தங்கி, கடைசியில் லாஸ் வேகாஸில் வண்டியைக் கொடுத்துவிட்டு மொன்றியலுக்குத் திரும்புவது. வேண்டாம் என்று அவள் ஒருமுறை சொன்னாள். "பிள்ளையளுக்கு என்ன சொல்லப் போறாய்?" என்று அவன் கேட்டான். அவள் உடுப்புப் பெட்டியை அடுக்கத் தொடங்கினாள்.

கடைசி நாளான அன்று, மத்தியானத்தோடு மரங்கள் முடிந்தன. மண் வெளிறியது. வெயில் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு மடியில் விழுந்தது. தெரு அகன்று, வலப்பக்கத்தால் லொறிகள் முந்தத் தொடங்கின. அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் குடிக்கிற நேரத்தில்கூட ஒரு கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு விளம்பரப் பலகைகள் வந்தன. நீலக் கோட்டும் வெள்ளைப் பல்லுமாக ஒரு வழக்கறிஞர், விபத்தா, எங்களைக் கூப்பிடுங்கள் என்று சிரித்தார். ஒரு மைல் தள்ளி அவரே திரும்பவும் சிரித்தார்.

"பதினொண்டு," என்று எண்ணினாள் மிதுஷா. "அம்மா, இந்த மாமா எங்களுக்காகப் பாத்துக்கொண்டு நிக்கிறாரோ?"

பின்னேரம் நாலரைக்கு, நகரத்துக்கு நாற்பது கிலோமீற்றர் இருக்கையில், பெற்றோல் அடிக்க நின்றார்கள். இறங்கியதும் சூடு முகத்தில் அறைந்தது. தூரத்தில், ஒன்றுமில்லாத மண்ணின் நடுவே, லாஸ் வேகாஸ் தெரிந்தது. கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலில் மினுங்கின. ஒன்று முழுவதும் தங்க நிறம். சாருஜா கூவிக்கொண்டு படம் எடுத்தாள்.

தாட்சாயினி கடைக்குள்ளே கைகால் கழுவப் போனாள். "நான் வருமட்டும் எடுக்காதேங்கோ," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

திரும்பி வந்து கடைக் கதவைத் தள்ளும்போது வண்டி அசைந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்ததால், பம்பை விட்டு ஒதுக்க அவன் எடுத்திருந்தான். வண்டியின் வலப்பக்கப் படியில், ஐஸ் பையைக் கட்டிப்பிடித்தபடி, மிதுஷா ஏறுவதற்கு ஒரு காலை வைத்திருந்தாள். மற்றக் கால் நிலத்தில். கதவு திறந்து ஆடியது.

தாட்சாயினி கத்தினாள். சத்தம் வரவில்லை. நாலு நாளாகக் கத்திய தொண்டை காற்றை மட்டும் விட்டது.

பிள்ளை தானாகவே பின்னுக்குத் துள்ளி விழுந்தாள். வண்டியின் சில்லு ஐஸ் பையின் மேல் ஏறி அரைத்துக்கொண்டு போனது. மிதுஷாவின் கால் பெருவிரலுக்கும் சில்லுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை.

வண்டி கொஞ்சத் தூரம் போய் நின்றது. இரவிச்சந்திரன் இறங்கிச் சுற்றி வந்தான். முகம் வெளிறியிருந்தது. பிள்ளையைத் தூக்கவில்லை. "உன்னை ஆர் அங்க நிக்கச் சொன்னது?" என்று அதட்டினான். "வண்டி எடுக்கேக்க கண் தெரியாதோ உனக்கு?"

"சொறி அப்பா," என்றாள் மிதுஷா. முழங்காலில் இரத்தம். "நான் கெதியா ஏறியிருக்க வேணும்."

நியாயம் சொல்கிற குரலில் அதைச் சொன்னாள். தாட்சாயினிக்கு அந்தக் குரல் தெரியும். அது தன்னுடையது.

அவள் பிள்ளையின் முழங்காலைத் துடைத்தாள். சாருஜாவிடம், "தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு கடைக்குள்ள போய் இரு. நான் கூப்பிடுமட்டும் வரவேண்டாம்," என்றாள். சாருஜா தாயையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். முதல்முறையாகப் பகிடி ஒன்றும் விடாமல் போனாள்.

இரவிச்சந்திரன் திரும்பவும் ஏறி இருந்தான். வலப்பக்க முன்கதவைத் திறந்து பிடித்தபடி கீழே நின்றாள் தாட்சாயினி. அவளைக் காண்பதற்கு அவன் முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது.

"ஏறு தாட்சா. உந்தச் சிற்றிக்குள்ள ஆறு லேன். இண்டைக்கு வடிவாச் சொல்ல வேணும்."

"அவள் படியில நிண்டவள்."

"ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

"பள்ளிக்கூடப் பிள்ளையளும் அந்தப் பக்கத்தாலதானே ஏறுதுகள்."

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். "அதுக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு. அதைப் பேந்து பாப்பம். இப்ப ஏறு. நான் உன்னைத்தான் நம்பி இருக்கிறன்."

பதினெட்டு வருடத்தில் அவன் அப்படிச் சொன்னதில்லை. அவளுடைய கால் தானாகவே படியை நோக்கி எழும்பியது. அவள் அதைத் திரும்ப நிலத்தில் வைத்தாள்.

"நான் ஏறேல்லை."

"விசர்க்கதை கதையாதை. நடுப் பாலைவனம். உனக்கு வண்டி ஓடவும் தெரியாது. என்ன செய்யப் போறாய்?"

"தெரியாதப்பா. ஆனா நான் இனிச் சொல்லமாட்டன். பிள்ளையளும் ஏறாதுகள்."

கட்டிப்போன தொண்டையில் அது கோபம் மாதிரியே கேட்கவில்லை. அவள் முன்கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்தினாள்.