கரிக்கூடை கவிழ்த்த பெண்கள்

குன்றுகள் கைகோத்துக் காத்து நின்ற திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழ்நீர் இளவெயில் பட்டு உருக்கிய வெள்ளியெனத் தளதளக்க, வலையிழுத்து மீண்ட தோணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறிய காலைப்பொழுதிலே, மாதா கோயில் நூற்றாண்டு விழாவுக்குத் தோரணம் கட்டிய அரங்கினுள் சீலா தன் ஏடுகளைக் காட்சிக்கு விரித்துக்கொண்டிருந்தாள். செய்தித்தாள் நறுக்குகளையும் மங்கிய நிழற்படங்களையும் வீடுவீடாகக் கேட்டு வாங்கி, தடித்த ஏடுகளில் ஒட்டி, துறைமுகத்தில் உழைத்தோரின் வரலாற்றைச் செல்லரிக்காமல் காத்து வந்தவள் அவள் என்பதை அறிவீராக.

விழாக்குழுத் தலைவர் சூசைப்பிள்ளை ஒரு பக்கத்தில் விரலூன்றினார். கப்பலுக்குக் கரி சுமந்த பெண்கள், கூலி உயர்வு கேட்டு, வெறுங்கூடைகளைக் கவிழ்த்துப் பாதையை மறித்து அமர்ந்திருந்த படம் அது. கரிபடிந்த முகத்தில் கண்கள் மட்டும் கனலென ஒளிர, முன்வரிசை நடுவே இருந்தவள் அவரைப் பெற்ற தாய்.

“இதை எடுத்துப்போடுங்கோ, பிள்ளை. பெரிய ஆக்கள் வருகினம். என்ர அம்மா கூலிக்குச் சுமந்ததை ஊருக்குக் காட்ட வேணுமோ?”

“ஏலாது ஐயா. அவ சுமந்ததை மட்டுமில்லை, இறக்கி வைச்சதையுந்தான் இந்தப் படம் காட்டுது. அதுக்குப் பிறகுதான் எல்லாருக்கும் கூலி கூடினது.”

“அப்ப இந்த அரங்கில ஒண்டும் வைக்கேலாது.”

“ஓம். கடற்கரையில வைக்கிறன்.”

சினம் நெஞ்சில் அலையென எழ, குரலை மட்டும் உயரவிடாது கூறியவள், ஏடுகளை மார்போடு அணைத்துச் சுமந்து சென்று, கவிழ்த்திருந்த தோணிகளின் முதுகில் பரப்பி, காற்றுக்குப் பறவாதபடி கற்களை வைத்தாள். மீன் விற்க வந்த புஸ்பராணி கூடையை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். “இது என்ர மாமியெல்லோ,” என்று அவள் கூவ, வலை பிரித்தோர் வந்தனர். பூசை முடித்துப் பட்டுடுத்தி வந்தோரும் மணலில் இறங்கினர். தத்தம் குடியின் முகங்களைத் தேடித் தேடி விரல்கள் ஊர்ந்தன.

செய்தி எட்டிய சூசைப்பிள்ளை விரைந்து வந்தார். “மூடுங்கோ எல்லாத்தையும்,” என்றார்.

“நாங்கள் இன்னும் பாத்து முடியேல்லை, அண்ணை,” என்றாள் புஸ்பராணி, ஏட்டிலிருந்து தலை நிமிராமலே.

ஒருவரும் அசையவில்லை. தாயின் முகத்தை ஒருமுறை நோக்கியவர், திரும்பி நடந்தார். சீலா அவரை அழைக்கவுமில்லை. அடுத்த ஏட்டை விரித்தாள்.

அரங்கின் கதவை அடைக்க ஒருவர் கை போதும். எழமாட்டோம் என்று அன்று பாதையில் அமர்ந்த அப்பெண்களை எழுப்பிவிடவோ, எந்தக் கைக்கும் இன்றளவும் இயலவில்லை.