நாலாம் நம்பர் டிரெய்னி

திலீபன் போலீஸ் வேலைக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் உயரத்தில் அடிபட்டுத் திரும்பியவன். கடைசித் தடவை உச்சந்தலையில் முடியைக் குவித்து வாரிக்கொண்டு போனான். அளந்தவர் கட்டையால் ஓர் அழுத்து அழுத்தி முடியைப் படுக்கவைத்துவிட்டு, "அடுத்த ஆளு" என்றார். நல்லூருக்குத் திரும்பி வந்தவன் அதன் பிறகு காக்கி நிறத்தில் பேண்ட் கூடப் போடுவதில்லை. அப்படி இருந்தவனுக்குத்தான் விருத்தாசலத்தில் காக்கிச் சட்டையைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

கொடுத்தவர் பாலகிருஷ்ணன் என்கிற டிவி டைரக்டர். பயிற்சிப் போலீஸ்காரர்களை வைத்து 'லத்தி கிளாஸ்' என்று ஒரு காமெடி சீரியல் எடுத்துக்கொண்டிருந்தார். சென்னையில் இடம் அமையாமல், விருத்தாசலத்தில் மூடிக் கிடந்த ஒரு பீங்கான் கம்பெனியின் ஷெட்டைப் பிடித்து, வாசலில் 'காவலர் பயிற்சிப் பள்ளி' என்று போர்டு மாட்டினார். தரையெல்லாம் வெள்ளை மண் தூசி. நாலு பேர் அணிவகுத்து நடந்தால் பூட்ஸ் எல்லாம் மாவில் முக்கி எடுத்தது போல ஆகிவிடும். அதையும் காமெடி என்று வைத்துக்கொண்டார்கள்.

திலீபன் நாலாம் நம்பர் டிரெய்னி. அவனுக்கு வசனம் கிடையாது. கீழே விழ வேண்டும், அவ்வளவுதான். சல்யூட் அடித்தால் விழுவான், ரைட் டர்ன் சொன்னால் லெஃப்டில் திரும்பி விழுவான். திருடனைத் துரத்தச் சொன்னால் திருடனுக்கு முன்னால் போய் விழுவான். சீரியலின் மற்ற நகைச்சுவையெல்லாம் யாரையும் சிரிக்க வைக்கவில்லை. இவன் விழுவது மட்டும் தமிழ்நாடு முழுக்கப் பிடித்துப்போயிற்று. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள் அவனைப் பார்த்து சல்யூட் வைத்து, விழுவானா என்று காத்திருந்தார்கள். சில சமயம் அவனும் ஏமாற்றாமல் கொஞ்சம் தடுமாறிக் காட்டினான்.

ஒருநாள் டீ இடைவேளையில், யூனிஃபார்மோடு ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி நேரே அவனிடம் வந்து நின்றாள்.

"ஐயா, ஒரு புகார் சொல்லணும்."

"யம்மா, நாங்க நெஜப் போலீஸ் இல்லைங்க. இது சீரியலு."

"தெரியும் தம்பி. நீ விழுந்து வாரறத தவறாம பாக்கறன். நெஜப் போலீஸ்கிட்ட எத்தினி தடவ போயிட்டன். ஒருத்தரும் நிமுந்து கூட பாக்கல. நீ கேப்பியா, மாட்டியா?"

அவள் பெயர் விருத்தாம்பாள். வீட்டிலேயே அச்சில் களிமண் பொம்மை போட்டு, மூன்று சக்கர வண்டியில் சூளைக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கி, வர்ணம் பூசி விற்கிறவள். அவள் சந்தின் முனையில் மாயவன் என்பவருடைய மாடி வீடு. மாயவன் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கட்சியில் இருப்பவர். போன மாதம் தன் காம்பவுண்டுச் சுவரைச் சந்துக்குக் குறுக்கே நீட்டிக் கட்டிவிட்டார். ஒல்லியானவர்கள் ஒருக்களித்துப் போகலாம். விருத்தாம்பாள் ஒல்லியானவள் அல்ல. அவள் வண்டி அவளைவிடவும் அகலம். சுடாத பொம்மைகளைக் கூடையில் அடுக்கித் தலையில் வைத்து, ஓடைக்கரை வழியாகச் சுற்றிப் போகிறாள். சூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி பிள்ளையாருக்குத் தும்பிக்கை இருப்பதில்லை.

"கேட்டா, 'வண்டி வேணும்னா ரோட்டுல வூடு கட்டிக்க'ங்கறாரு. ஸ்டேஷன்ல சொன்னா, இது சிவில் மேட்டரு, கோர்ட்டுக்குப் போங்கறாங்க. கோர்ட்டுல கேசு முடியறதுக்குள்ள நான் முடிஞ்சிருவன்."

திலீபன் சட்டைப் பித்தான் வரைக்கும் எல்லாமே பொய்யாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருந்தும், "பாக்கறங்கம்மா" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு உடம்பு கூசியது.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது டைரக்டர் கடுகடுவென்று இருந்தார். கதை எழுதுகிறவர் வேறு ஒரு பெரிய சீரியலுக்கு ஓடிவிட்டார். இந்த வாரத்துக்குக் கதை இல்லை. திலீபன் எலுமிச்சை சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே விருத்தாம்பாளின் சுவரைப் பற்றிச் சொன்னான். பாலகிருஷ்ணன் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"லொகேஷன் சும்மா கிடைக்குமா?"

சாயங்காலமே இருவரும் மாயவன் வீட்டுக்குப் போனார்கள். டிவி என்றதும் மாயவன் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

"நம்ம சந்துலயா? தாராளமா எடுங்க. ஆனா எனக்கு இன்னா வேஷம்?"

இந்த மாதிரி ஆட்களைப் பல ஊர்களில் பார்த்தவர் பாலகிருஷ்ணன். "உங்களுக்கு வேஷமே தேவையில்ல சார். ஊர்ப் பெரிய மனுஷனாவே வர்றீங்க. ஒரு அயோக்கியன் ஏழைங்க போற வழியை மறிச்சுச் சுவர் கட்டிடறான். போலீஸே பயந்து நிக்குது. நீங்க வந்து கடப்பாரையை வாங்கி முதல் அடி அடிக்கிறீங்க."

"அப்பிடிப்பட்டவன சும்மா வுடக் கூடாது சார்" என்றார் மாயவன், முகம் சிவந்து. "இந்த மாதிரி ஆளுங்களாலதான் நாடே கெட்டுப்போச்சு."

திலீபன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். கேலியாகச் சொல்கிறாரோ என்று தேடினான். இல்லை. அவர் மனதாரத்தான் சொன்னார்.

"ஒரு அடிதான சார்? சொவரு?"

"பொழுது சாயறதுக்குள்ள ஆர்ட் டிபார்ட்மென்ட் பழையபடி பண்ணிக் குடுத்துடும்" என்றார் டைரக்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே சந்தில் நின்றது. மாயவன் வெள்ளை வேட்டி, தங்கச் செயின், முகத்தில் மேக்கப்போடு வந்தார். நாலு டிரெய்னிகளும் வரிசையாக நின்றார்கள். விருத்தாம்பாள் தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

டைரக்டர் ஆக்‌ஷன் சொன்னார். மாயவன் கடப்பாரையை ஓங்கி, "நியாயம் செத்துப்போகல!" என்று கத்திக்கொண்டு அடித்தார். ஒரு செங்கல் பெயர்ந்தது. கூட்டம் விசிலடித்தது. டிரெய்னிகள் சல்யூட் வைக்க வேண்டிய இடம். இந்தக் காட்சியில் விழக் கூடாது என்று டைரக்டர் முன்பே சொல்லியிருந்தார். திலீபன் பெயர்ந்த செங்கல்லைப் பார்த்தான். விருத்தாம்பாளைப் பார்த்தான். விழுந்தான்.

"கட்! டேய், ஏன்டா விழுந்த?"

"பழக்கதோஷம் சார்."

மறுபடியும் எடுத்தார்கள். மாயவன் முன்னைவிட ஆவேசமாக அடித்தார். மூன்று கற்கள் விழுந்தன. திலீபனும் விழுந்தான். அடுத்த முறை சல்யூட் சரியாக வைத்துவிட்டு, டைரக்டர் நிம்மதியாக மூச்சு விடும் நேரம் பார்த்துச் சரிந்தான். இன்னொரு முறை பக்கத்தில் நின்ற டிரெய்னி காவியாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தான். காவியா திட்டக்குடிப் பெண். புழுதியில் கிடந்தபடியே, "வேணும்னுதான் வுழுவறியா?" என்று காதோரம் கேட்டாள். அவன் சுவரைக் கண்ணால் காட்டினான். அடுத்த டேக்கில் அவள் தொப்பி தானாகவே பறந்து போயிற்று.

மாயவனுக்கு ஒவ்வொரு ரீடேக்கும் சந்தோஷம். யாரும் போதும் என்று சொல்வதற்குள் அவரே, "இன்னொன்னு போலாம் சார், எனக்கு ஃபீலிங்கு பத்தல" என்றார். ஜனங்கள் கைதட்டத் தட்ட, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடித்தார். திலீபனின் முழங்கால் தோல் உரிந்து பேண்ட்டோடு ஒட்டிக்கொண்டது. எழுந்திருக்கும்போதெல்லாம் கண்ணில் நீர் வந்தது. வலியாலா, சிரிப்பாலா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சாப்பாட்டுக்குப் பிரேக் விட்டபோது இடிக்கச் சுவர் மிச்சமில்லை.

ஆர்ட் டிபார்ட்மென்ட் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. பொழுது சாய்வதற்குள் தெர்மாகோலில் அச்சு அசலாக ஒரு செங்கல் சுவரை நிறுத்திவிட்டுப் போனது. விடிந்ததும் விருத்தாம்பாள் அதை ஒரு கையால் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, பொம்மை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். மாயவனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. நேரே ஸ்டேஷனுக்குப் போனார்.

இன்ஸ்பெக்டர் கேட்டார். "சொவர இடிச்சது யாரு?"

"நான்தான் சார். ஆனா..."

"கட்டினது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப உங்கள உங்க மேலதான் கம்ப்ளெயின்ட் குடுக்கச் சொல்லணும். எடுத்துக்கவா?"

மாயவன் போன பிறகு திலீபனுக்கு ஆள் வந்தது. காலை நொண்டிக்கொண்டு போய் நின்றான்.

"வேஷத்துக்குப் போட்ட சட்டை வேஷத்தோட நிக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "தெருவுல அந்தச் சட்டையோட இனிமே பஞ்சாயத்து பண்ணதா கேள்விப்பட்டன்னா, உள்ள வச்சிருவன்."

"சரிங்க சார்."

"உங்க சீரியல்ல இன்ஸ்பெக்டர் எந்நேரமும் வடை தின்னுட்டே இருக்காரே, என்னா அர்த்தம்? எம் பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் பாத்துச் சிரிக்கறாங்க. அத மாத்தச் சொல்லு."

"சொல்றங்க சார். சார்... அந்தப் பொம்பள இங்க நாலஞ்சு தடவ வந்தாங்களாம்."

"வந்தாங்க, போனாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "புகாருன்னு எதுவும் வரல."

பிறகு செல்போனை எடுத்து, "எம் பொண்ணு கேட்டா. கொஞ்சம் விழுவற மாதிரி நில்லு" என்றார். திலீபன் நின்றான். போட்டோவில் இன்ஸ்பெக்டர் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எபிசோடு வந்த மறுநாள் மாயவன் வீட்டு வாசலில் சால்வைகளோடு கூட்டம் நின்றது. வழி விட்டவர், நியாயஸ்தர் என்று மூலைக்கு மூலை ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கட்சியில் வார்டுப் பொறுப்பு கொடுத்தார்கள். மாயவன் புதுச் சுவருக்கு இறக்கி வைத்திருந்த செங்கல்லைத் தார்ப்பாய் போட்டு மூடினார். வண்டியோடு விருத்தாம்பாள் வந்தால் அவரே ஒதுங்கி நின்று, நாலு பேர் காதில் விழும்படி, "போம்மா, நம்ம வழிதான்" என்றார். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவாள். அந்தப் பெருமையெல்லாம் இவருக்கா என்று திலீபனுக்கு வயிறு எரிந்தது. அவளிடமே கேட்டான்.

"ஃபிளெக்ஸுல யாரு மூஞ்சி இருந்தா எனக்கு என்னா? என் வண்டி போவுது" என்றாள்.

பாலகிருஷ்ணனுக்குத்தான் மனம் ஆறவில்லை. வேண்டுமென்றே விழுந்து ஒரு நாள் ஷூட்டிங்கைக் கெடுத்தவனை வைத்துக்கொள்ள முடியாது என்று, சீரியல் கதையில் நாலாம் நம்பர் டிரெய்னியை ஒரே வசனத்தில் ராமநாதபுரத்துக்கு மாற்றிவிட்டார். ஆனால் அடுத்த மாதமே வேறொரு கம்பெனியிலிருந்து திலீபனுக்குப் போன் வந்தது. திருடன் வேஷம், வசனமும் உண்டு. நல்லூரில் அவன் அம்மா விசாரித்தவர்களிடமெல்லாம் ஒரே பதிலைச் சொன்னாள்.

"புள்ளைய வேற டிபார்ட்மென்ட்டுக்கு மாத்திட்டாங்க."