கடலைப் பார்த்து நகர்ந்த டைப்பிங் கடை

மீமிசலில் ஷர்லியின் டைப்பிங் கடை தமிழ் அடித்தால் கிழக்கே நகரும், அரபி அடித்தால் மேற்கே திரும்பும். குவைத்தில் ஆபீஸ் வேலை பார்த்துத் திரும்பிய ஷர்லி, இரண்டு கீபோர்டுகளைக் கழற்றி, ஒவ்வொரு பட்டனிலும் இரண்டு மொழியையும் பதித்துத் தானே ஒன்று செய்த நாளில் இது தொடங்கியது. தமிழ் வலப்பக்கம் ஓடும், அரபி இடப்பக்கம் ஓடும். நடுவில் மாட்டிக்கொண்ட கடை, பலமாக இழுப்பவர் பக்கம் போகும்.

வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்ற காலத்தில் கடை மேற்கே பெட்ரோல் பங்க் வரை போய் வந்தது. ஜனங்கள் கூடக் கொஞ்சம் நடந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அரபி வேலையெல்லாம் செல்போனுக்குப் போய்விட, கல்யாணப் பத்திரிகை மட்டும் மிஞ்சியது. ஒரே தை மாதத்தில் தென்னந்தோப்பு, ஐஸ் கம்பெனி, மீன் ஏலக்கூடம் எல்லாவற்றையும் கடை தாண்டியது. அடித்ததை அழித்தால் திரும்பும்தான்; ஆனால் அழிவது யாரோ வீட்டுக் கல்யாணம். அர்த்தமில்லாத அரபியைத் தட்டி ஏமாற்றப் பார்த்தால் கடை அசையாது.

பின்வாசற்படியை அலை நனைத்த அன்று, மீன்பிடிக்கப் போகும் கணவன் சவரியப்பன் எட்டிப் பார்த்தான். "இன்னும் ஒரு கல்யாணம் அடிச்சேன்னா, கடையவும் நம்ம படகோட சேத்துக் கட்டிப் போட்டுரலாம்டி."

"கட்டுங்க. நண்டு வாங்க வர்றவங்க அப்படியே ஜெராக்ஸும் எடுக்கட்டும்."

அந்த ஒரு கல்யாணத்தோடு கண்ணாத்தாள் வந்தாள். மகளின் பத்திரிகை; தாய்மாமன்மார் மட்டுமே ஒரு பக்கம், பட்டங்களோடு. அடித்தால் கடை கடலுக்குள். அடிக்காவிட்டால் வீட்டில் உலை இல்லை. பெயர்களைக் குறைக்கலாமா என்று ஷர்லி கேட்டாள். ஒருத்தரை விட்டாலும் தாலி ஏறாது என்றாள் கண்ணாத்தாள்.

ஷர்லி கீபோர்டை மறுபடி பிரித்தாள். தமிழில் அடிக்கும் அதே சொல் அரபியிலும் ஒரே நேரத்தில் விழும்படி ஒயர்களை மாற்றிக் கோர்த்தாள். அடிக்க அடிக்க, புறப்படாத பஸ்ஸைப் போலக் கடை நின்ற இடத்திலேயே குலுங்கியது. பத்திரிகையின் மேலே பிள்ளையார், கீழே ஒரு பாதி தமிழ், மறுபாதி அரபி.

கண்ணாத்தாள் அரபியை உற்றுப் பார்த்தாள். "இதுல யாரு பேரு பெருசாத் தெரியுது? சம்பந்தி வீடா, நம்ம வீடா?"

"நம்ம வீடுதாங்கக்கா. வளைவப் பாருங்க."

அரபி இல்லாத பத்திரிகையை இப்போது மீமிசல் பக்கம் யாரும் மதித்துக் கைநீட்டி வாங்குவதில்லை. டவுன் பஸ் அலை வரைக்கும் வந்து, கடை வாசலில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்புகிறது.