சனிக்கிழமைப் பாடம்

ஆந்திராவில் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே உள்ள அந்த அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆரோக்கியம், நலவாழ்வு என்று ஒரு பாடம் இருந்தது. சனிக்கிழமை கடைசி பீரியட். பெரும்பாலும் கணக்கு சார்தான் அதை எடுத்துக்கொள்வார். விளையாட்டு டீச்சர் ரூபாவிடம் கொடுத்த பிறகுதான் அந்தப் பாடம் ஒழுங்காக நடந்தது. ரூபா புத்தகத்தை வாசிக்க மாட்டார், நடித்துக் காட்டச் சொல்வார். பக்கவாதம் பற்றிச் சொன்ன அன்று ஸ்ரீதேவியை நோயாளியாக உட்கார வைத்தார். வாயை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, வலது கையைத் தொங்கவிட்டு, குழறியபடி அவள் தன் பேரைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிச்சது போதும்," என்றார் ரூபா. "இதுல எது ஒண்ணு தெரிஞ்சாலும் நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருந்தா, சீக்கிரம் போனாத்தான் ஊசி போட்டுக் கரைக்க முடியும். நேரம் தாண்டிட்டா அந்த ஊசியப் போட மாட்டாங்க."

கார்த்திகையில் ஒரு நாள் காலை, ஸ்ரீதேவியின் அப்பா வேணு கடலைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து கூழ் குடிக்க உட்கார்ந்தார். சொம்பு கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார், விரல்கள் மடங்கவில்லை.

"இன்னா நைனா?"

அவர் ஏதோ சொன்னார். சத்தம்தான் வந்தது. கூழ் உதட்டோரமாக வழிந்தது.

"நைனா, ரெண்டு கையையும் தூக்கு."

இடது கை எழுந்தது. வலது கை தொடைமேலேயே கிடந்தது.

அம்மா தாட்சாயணி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டிலிருந்து வேணுவின் அண்ணன் சிட்டிபாபு ஓடிவந்தார். டிராக்டர் அவருடையது. இரண்டு வீட்டுக் கழனிக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். தம்பியின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"காத்து பட்டுக்கிச்சி. நம்ம ஊரு நாகையாவுக்கும் இப்பிடித்தான் வாய் இழுத்துக்கிச்சி. மலையடியில பச்சில வைத்தியர் கண்ணுல சாறு வுட்டாரு, எழுந்து நடந்தான். ஆட்டோவக் கூப்புடு."

"பெரியப்பா, இது காத்து இல்ல. மூளையில ரத்தம் அடைச்சிக்கினு கீது. திருப்பதிக்கு இட்டுக்கினு போவணும், இப்பவே."

"யாரு சொன்னது?"

"டீச்சர்."

"எந்த டீச்சர்?"

ஸ்ரீதேவி தயங்கினாள். "வெளையாட்டு டீச்சர்."

வாசலில் கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். சிட்டிபாபு அதற்கு மேல் அவளைக் கேட்கவில்லை. வேணுவை ஆட்டோவில் ஏற்றினார்கள். தாட்சாயணியும் ஏறிக்கொண்டாள்.

நைனாவின் போன் கட்டிலில் கிடந்தது. ஸ்ரீதேவி 108-க்கு அடித்தாள். ஆம்புலன்ஸ் வழி தவறி, இரண்டு ஊர் சுற்றி வந்து சேர்ந்தது. "பேஷண்ட் எங்கம்மா?" என்று இறங்கியவர் கேட்டபோது காலியான கட்டிலைக் காட்ட வேண்டியிருந்தது. வைத்தியர் ஊருக்கு வழி காட்டுகிறேன் என்று சொல்லி அவளே வண்டியில் ஏறினாள்.

அங்கே வேப்பமர நிழலில் பாயில் படுத்திருந்தார் வேணு. சாறு விட்ட கண்கள் சிவந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸைப் பார்த்ததும் சிட்டிபாபுவின் முகம் கறுத்தது.

"நாலு பேரு முன்னாடி என்ன அவமானப்படுத்தத்தான் வந்தியா? மருந்து வுட்டாச்சி. இதோட இங்கிலீஷ் மருந்து சேரக் கூடாதாம். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"அம்மா, நீ சொல்லும்மா."

தாட்சாயணி மச்சாண்டாரான சிட்டிபாபுவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆம்புலன்ஸ்காரர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனார். வெயில் பாய்மேல் ஏறியது. வேணு வாந்தி எடுத்தார். அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் அவள் சொன்னாள்:

"மாமா, ஏத்த வுடுங்க."

திருப்பதியில் ஸ்கேன் எடுத்தார்கள். இளவயது டாக்டரம்மா, எப்போது தொடங்கியது என்று தெலுங்கில் கேட்டார். ஸ்ரீதேவி சொன்னாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முன்னாடியே வந்திருந்தா ஊசி போட்டுப் பாத்திருக்கலாம். போட்டாலும் முழுசா சரியாயிருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா இப்ப அதுக்கு நேரம் தாண்டிடுச்சு."

சாயங்காலம் சிட்டிபாபு மாற்றுத்துணியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வராந்தாவில் ஸ்ரீதேவியின் பக்கத்தில் நின்று கேட்டார். "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

டாக்டர் சொன்னதை எதையும் விடாமல் சொன்னாள். அவர் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, தம்பியைப் பார்க்காமலே திரும்பிப் போய்விட்டார்.

"ஏண்டி சொன்ன?" என்றாள் தாட்சாயணி.

"அவருதாம்மா கேட்டாரு."

"கேட்டா? இனிமே நமக்கு ஏரோட்ட யாரு வருவா? மோட்டார் ரிப்பேரானா யார்கிட்ட போய் நிப்பேன்? இதயும் உங்க டீச்சர்தான் கத்துக் குடுத்தாங்களா?"

ஸ்ரீதேவி எழுந்து வார்டு வாசலுக்குப் போனாள். உள்ளே நைனா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விழித்தால் தன் பேரை எப்படிக் குழறிச் சொல்வார் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் வேணுவுக்கு வலது பக்கம் வரவில்லை. பசிக்கும் வலிக்கும் கோபத்துக்கும் ஒரே சத்தம்தான். சிட்டிபாபு தம்பி வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை. டிராக்டரை மட்டும் கூலி ஆளிடம் கொடுத்து அனுப்பினார். நாகையா வந்து பார்த்துவிட்டு, தனக்கு வந்தது முகம் மட்டும் இழுத்துக்கொண்ட வேறு வியாதி என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னதாகத் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார்.

தாட்சாயணி கழனிக்குப் போயிருந்த ஒரு நாள் வேணு கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். ஸ்ரீதேவியால் தூக்க முடியவில்லை. பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நைனா வுழுந்துட்டாரு. தூக்க முடியல."

சிட்டிபாபு சட்டைகூடப் போடாமல் வந்தார். தம்பியை வாரியெடுத்துக் கட்டிலில் கிடத்தினார். வேணுவின் இடது கை அவர் தோளை விடவில்லை. அவர் அப்படியே குனிந்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு தம்பியின் வாயைத் துண்டால் துடைத்தார்.

"அன்னிக்கு நீ இன்னும் கொஞ்சம் கெட்டியா சொல்லியிருக்கலாம்," என்றார், அவளைப் பார்க்காமல்.

அவளும் தினம் படுக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன் பெரியப்பா."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மறுநாளிலிருந்து விடிந்ததும் வந்து தம்பிக்குப் பல் தேய்த்து, உடம்பு துடைத்து, வெயிலில் உட்கார வைத்துவிட்டுப் போனார். தாட்சாயணியிடம் இரண்டொரு வார்த்தை பேசினார். ஸ்ரீதேவியிடம் பேசவே இல்லை.