நாற்பது கிலோ நங்கு

நங்கு மீனைப் பார்த்தாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு கண்ணும் ஒரே பக்கம், தட்டையாகச் சேற்றோடு ஒட்டிக் கிடக்கும். மழைக்காலம் முடிந்ததும் கரையோரம் கூட்டமாக வரும். அதை வாரிக்கொள்ள, படகுகள் அலை உடைகிற இடம்வரை வந்து வலை இழுக்கும். இதையெல்லாம் எனக்குச் சொன்னது ருக்கு அக்கா. எங்கள் கடையில் மீன் வெட்டுகிறவள். அவள் கணவர் நாகேஷ் ஒக்கலிபுரத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் மல்பே துறைமுகத்துக்குப் போய் மீன்பிடிப் படகில் ஏறிவிட்டார். நீச்சல்கூடத் தெரியாது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் மௌரீன் ஆன்ட்டியின் மீன் கடை. போன் எடுப்பது, ஆர்டர் எழுதுவது என் வேலை. அந்தச் சனிக்கிழமை ஒரு கல்யாண விருந்துக்கு நாற்பது கிலோ நங்கு தோலுரித்துக் கொடுக்கவேண்டும். பன்னிரண்டுக்கு வண்டி வந்துவிடும்.

எட்டரைக்கு மல்பே ஏஜெண்ட் கூப்பிட்டார். விடியற்காலையில் படகு கவிழ்ந்துவிட்டதாம். நாகேஷை இழுத்துக் கரைசேர்த்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவர் போன் கடலோடு போய்விட்டது. கடை நம்பர்தான் ஏஜெண்டிடம் இருந்தது.

"தண்ணி நெறைய குடிச்சிருக்காரும்மா. மூச்சு வாங்குது. ஆனா பேச்சு இருக்கு. பொண்டாட்டிகிட்ட பேசணும்ங்கறாரு, அந்தம்மாகிட்ட குடு."

போனைப் பொத்திக்கொண்டு ஆன்ட்டியிடம் சொன்னேன். ஆன்ட்டி பிரிக்காத ஐஸ் பெட்டிகளைப் பார்த்தார்.

"நங்கு உரிக்க வேற யாரு இருக்கா, லவினா? உயிரோடதானே இருக்கான்? வண்டி போனப்புறம் சொல்லலாம்."

"பத்து நிமிஷத்துல பேசச் சொல்றேன் அங்கிள்" என்று போனை வைத்தேன். ஆன்ட்டி மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் வைத்தது என் கை. அடுத்து வந்த மூன்று அழைப்புகளை எடுக்காமல் விட்டதும் நான்தான்.

பின்பக்கம் ருக்கு அக்கா விரலில் உப்பைத் தொட்டுக்கொண்டு, தலைப்பக்கம் கீறி, ஒரே இழுப்பில் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு புடிச்சதா இருக்கும் பாரு, ஒரே மண்ணு" என்று சிரித்தாள். "செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்ச மனுசனுக்கு மீன் அலசத் தெரியுமா?"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

"பேக, ருக்கு, பேக!" என்று ஆன்ட்டி முன்னாலிருந்து கன்னடத்தில் அவசரப்படுத்தினார்.

பன்னிரண்டுக்கு வண்டி கிளம்பியது. உடனே ஏஜெண்டைக் கூப்பிட்டேன்.

"பதினொண்ணேகாலுக்கு முடிஞ்சுபோச்சும்மா" என்றார். "எத்தன தடவ கூப்புட்டேன்?"

ஆன்ட்டி கல்லாவை விட்டு நகரவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன். ருக்கு அக்கா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. உப்பும் செதிலுமாக இருந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் விக்கி விக்கி அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"போன் எப்ப வந்துச்சு?"

"இப்பத்தாங்க்கா."

"ஆஸ்பத்திரியில இருந்தாரா? ஏதாச்சும் பேசினாரா? என்னக் கேட்டாராமா?"

கேட்டார். எட்டரை மணிக்கே கேட்டார். அதைச் சொன்னால் எட்டரை மணியையும் சொல்லவேண்டும்.

"இல்லக்கா" என்றேன். "நெனவே திரும்பலையாம்."