கடலில் விடவேண்டிய முதல் தண்ணீர்

1.

இந்தக் கதையை அண்ணனிடம் கேட்காமல் எடுத்தேன். போனில் அவன் சொன்னதுதான். இதை எழுதும் கொப்பி ஒன்று என்னிடம் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

முதலில் எழுதியது: ‘கொழும்புத் துறைமுகத்தில் அன்று கடல் நீலமாக…’

நான் கடலைப் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.

2.

கிஷாந்த், என் அண்ணன், மஸ்கெலியாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு லயத்தில் பிறந்தவன். கப்பல்களுக்குக் குடிதண்ணீர் ஏற்றுவது அவன் வேலை. கப்பலைக் கரையோடு கட்டியதும் குழாயில் தடித்த ஹோஸைப் பூட்டுவான். கப்பலுக்குத் திருப்புமுன், ஹோஸைக் கழுவிய முதல் தண்ணீரைக் கடலில் விடவேண்டும். அவனால் முடியவில்லை. வாளியில் பிடித்தான்.

(எங்கள் லயத்தில் இருபது வீட்டுக்கு ஒரு பீலி, மலைத் தண்ணீர் விழும் ஒரே குழாய். மாசியில் தண்ணீர் நூலாக இறங்கும். தன் குடம் நிறையும் நொடியில் அண்ணன் என் குடத்தை உள்ளே தள்ளுவான். ஒரு சொட்டு கீழே விழாது. இப்போது வரிசையில் எனக்கு முன்னால் அவன் இல்லை…)

மேற்பார்வையாளர் செல்லசாமி வந்தார்.

“கழுவச் சொன்னா வாளி புடிக்கிறியா? இது என்னடா, உங்க தோட்டத்துப் பீலியா?”

“நல்ல தண்ணிங்கண்ணே. கடல்ல ஊத்த மனசு வரல.”

“கப்பலு ஒனக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. இன்னொருக்கா வாளியோட பாத்தேன், ஊருக்கே ஹட்டன் பஸ்ல ஏத்தி விட்ருவேன்.”

3.

உண்மையில் செல்லசாமி சிரித்தாராம். நான்தான் கோபப்பட வைத்தேன். கோபப்பட்டால்தானே பஸ் ஏற்றுவார்.

4.

ஒரு முடிவு: அடுத்த கப்பலுக்கும் வாளி வைக்கிறான். வேலை போகிறது. பையோடு லயத்துக்கு வந்து சேர்கிறான். (மூன்று முறை எழுதினேன். பையை இறக்கி வைக்கும் இடம் நன்றாக வருகிறது. அவன் முகம் வரவில்லை.)

இன்னொன்று: தண்ணீரைக் கடலில் விடப் பழகுகிறான். தீபாவளிக்கு மட்டும் வருகிறான். பீலியடியில் குடம் வழிய வழிய, போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

5.

நேற்று அண்ணன் பேசினான்.

“அடுத்த மாசம் என்னைய நிரந்தரமாக்கப் போறாங்களாம் தங்கச்சி. வாளியத் தூக்கி வச்சிட்டு ஒழுங்கா வேலையப் பாக்கணும், அவ்வளவுதான்.”

“பாப்பியா?”

“பாக்கணும். நீ ஏன் ஒரு மாதிரி பேசுற? தண்ணி வருதா அங்க?”

“வருது” என்றேன். வரவில்லை.

6.

கப்பலைக் கட்டியாயிற்று. ஹோஸைப் பூட்டியாயிற்று. கிஷாந்த் குழாயில் கை வைத்திருக்கிறான். பக்கத்தில் வாளியை வைத்தால் எனக்கு நல்லது. வைக்காவிட்டால் அவனுக்கு.

நீங்கள் அவன் தங்கச்சி இல்லை. நீங்கள் எழுதுங்கள்.