தோக்கும் தைலமும்

சப் இன்ஸ்பெக்டர் குப்பியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"கஞ்சாதானே இது?"

"கஞ்சா இலை சேர்த்த தைலமாக்கும் சாரே. நெய்யாற்றின்கரை வைத்தியர் எழுதித் தந்தது. பில்லு போட்டாக்கும் வாங்குனேன்," என்றாள் சுகிர்தபாய்.

பக்கத்தில் இருந்த அண்ணன் ஜெயசிங் கண்களை மூடிக்கொண்டார். ஆட்டோவில் வரும்போதே கெஞ்சியிருந்தார். "என்ன மருந்துன்னு கேட்டா பிரஷர் மாத்திரைன்னு சொல்லு மக்கா. அவ்வளவு போதும்." துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கும் விசாரணை. தோக்கைக் காட்டிவிட்டு எழுந்து வரவேண்டிய வேலைதான். ஆனால் என்னென்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டதும் சுகிர்தபாய் கைப்பையைத் திறந்து குப்பியை மேசையில் வைத்துவிட்டாள்.

கள்ளிக்காட்டில் காட்டை ஒட்டிய சரிவில் அவளுக்கு மரச்சீனிக் கிழங்கும் வாழையும் உண்டு. கணவன் போனபிறகு காட்டுப்பன்றிகளை எதிர்த்துத் தனியாக நின்று காத்த மண். அவள் குறி தப்பாது என்பதால், பக்கத்து விளைகளில் பன்றி இறங்கினாலும் சுடுவதற்குப் பஞ்சாயத்திலிருந்து அவளைத்தான் கூப்பிடுவார்கள். மார்பில் கட்டி வந்து, காரக்கோணம் ஆஸ்பத்திரியில் அறுத்து, கீமோ மருந்து ஏற்றி எழுந்தபிறகு உயிர் மிஞ்சியது. கூடவே உள்ளங்காலில் ஓர் எரிச்சலும் மிஞ்சியது. கங்கில் மிதித்ததுபோல இரவெல்லாம் துடிப்பாள். படுக்கும்முன் சொட்டுக் கணக்கில் குடிக்கும் இந்தத் தைலம்தான் தூக்கத்தைத் திருப்பித் தந்தது. அன்றே தனக்கொரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். தைலம் தொட்டால் துப்பாக்கியைத் தொடுவதில்லை. துப்பாக்கி அலமாரியின் சாவி அண்ணன் வீட்டுக்குப் போய்விடும். பஞ்சாயத்து கூப்பிட்டால் தைலத்தை முன்கூட்டியே நிறுத்தி, எரிச்சலோடு பல்லைக் கடித்துக் கிடப்பாள். அப்படி இருக்கச் சொல்லி யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"போதைப் பழக்கம் உள்ள ஆளுக்கு நான் சரின்னு எழுத முடியாது சேச்சி. நாளைக்கு ஒண்ணு நடந்தா என்னையாக்கும் பிடிப்பாவ."

"பழக்கம் இல்ல சாரே, தீனம். கீமோ ஏத்துன பிறகு காலு எரியுததுக்கு மருந்தாக்கும். சட்டம் அதை விக்க விடுது. வாங்கிக் குடிச்சா மட்டும் குத்தமா? அந்தி ஆனா பிராந்தி ஊத்துதவன் கையிலயும் தோக்கு உண்டு. அவன்கிட்ட யாராவது குப்பியைக் கேட்டியளா?"

சப் இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனிதர் இல்லை. "நிறுத்தியாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

"சொல்லு சுகிர்தா," என்றார் ஜெயசிங்.

ஒரு வார்த்தை. மரச்சீனி கிழங்கு பிடிக்கும் பருவம் வேறு. சொல்லிவிட்டால் தைலத்தை ஒளித்து ஒளித்துக் குடிக்க வேண்டும், திருட்டுச் சாராயம்போல. சாகாமல் திரும்பி வந்தது அதற்கா?

"நிறுத்தல்ல. நிறுத்தவும் மாட்டேன். பொய் சொன்னா தோக்கு, உள்ளதைச் சொன்னா இல்ல. இது என்ன நியாயம்?"

"அப்ப தோக்கு இங்க இருக்கட்டும். கலெக்டர் ஆபீஸ் முடிவு பண்ணட்டும்."

"இருக்கட்டும். ரசீது தாங்க. எதுக்குப் புடிச்சு வச்சியன்னும் அதுல எழுதுங்க. வக்கீலோடயாக்கும் இனி வாறேன்."

சப் இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். ஏதோ எழுதி, அடித்து, மறுபடி யோசித்தார். வெகுநேரம் கழித்துத்தான் ரசீது வந்தது.

வராந்தாவில் ஜெஸ்னா என்ற பெண் போலீஸ் அவள் பின்னாலேயே வந்தாள். "அக்கா, கீமோ கழிஞ்ச பிறகு எங்க அம்மைக்கும் காலு எரியுது. அந்த வைத்தியர் எங்கயாக்கும்?"

சுகிர்தபாய் இடம் சொன்னாள். பிறகு உள்ளே கேட்கும்படி, "அம்மைகிட்ட தோக்கு உண்டா மக்கா?"

"அய்யோ, இல்லக்கா."

"அப்ப பயப்படாம கூட்டிட்டுப் போ."

வீடு வந்து சேரும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. சரிவில் மண் கிளறும் சத்தம். "உள்ள வா, கையில ஒண்ணும் இல்ல," என்று ஜெயசிங் அவள் தோளைப் பிடித்தார். அவள் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மரச்சீனிச் செடிகளுக்கு நடுவே இறங்கினாள்.

"எலே!"

தாய்ப்பன்றி மூக்கில் ஒட்டிய ஈரமண்ணோடு தலையை உயர்த்தியது. அதன் பின்னால் குட்டிகள் உறைந்து நின்றன. அவளும் நின்றாள். இருவரில் ஒருவரும் பின்வாங்கவில்லை.